பச்சை மஞ்சள்

அவருக்குச் சொந்தமாக ஒரு பெயர் இருக்கத்தான் செய்தது. ஆனால் நயினார்கோவில் பக்கம் எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்துபோன யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் அவர் கலர் சார். ரத்தம், சளி, சிறுநீர் பார்க்கிற லேப்காரர். யார் வந்து நின்றாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது ஒரே கேள்விதான்: “என்ன கலரு?”

சிறுநீர் பார்க்க ஒரு டப்பாவில் மெல்லிய பிளாஸ்டிக் பட்டைகள் வரும். பட்டையின் நுனியில் சின்னச் சின்னக் கட்டங்கள். ஒரு கட்டம் சர்க்கரைக்கு, ஒன்று உப்புக்கு. எங்கள் பக்கம் ‘நீரில் உப்பு’ என்றால் கடல் உப்பு இல்லை. புரதம் கலந்து இறங்குவதைத்தான் அப்படிச் சொல்வோம். பட்டையை நனைத்து எடுத்து ஒரு நிமிடம் பொறுத்து, டப்பாவின் மேல் அச்சடித்த நிறங்களோடு ஒத்துப் பார்க்க வேண்டும். உப்புக் கட்டம் மஞ்சளாகவே நின்றால் ஒன்றுமில்லை. பச்சைக்குத் திரும்பினால் உப்பு இருக்கிறது என்று அர்த்தம். பிள்ளைத்தாச்சிக்கு அப்படித் திரும்பினால் அன்றைக்கே ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்கு வண்டி ஏற்றிவிடுவார்கள்.

இதையெல்லாம் லேப்காரர் பார்த்து எழுதித் தருவதுதான் ஊர் வழக்கம். கலர் சார் ஒருநாளும் தானாகப் பார்த்துச் சொன்னதில்லை. பட்டையை வெள்ளை ஓட்டின் மேல் வைத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நகர்த்தி, நம்மையே அறுபது வரை எண்ணச் சொல்வார். எண்ணி முடித்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு நம் முகத்தைப் பார்ப்பார். பட்டையைப் பார்க்க மாட்டார்.

ஒருமுறை மிளகாய்த் தோட்டக்காரர் ஒருவர் எனக்கு முன்னால் நின்றார். தனக்கெல்லாம் சர்க்கரை வர வாய்ப்பே இல்லை, வீட்டுக்காரி நச்சரிப்புக்காக வந்தேன் என்று வரிசை முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவர்.

“சர்க்கரக் கட்டம் என்ன கலருண்ணே?” என்றார் சார்.

“அதுவா... கருப்பட்டி கலரு.”

“நல்லாப் பாத்துச் சொல்லுங்க.”

“அட, கருப்பட்டிங்கிறேன். நல்ல பனங்கருப்பட்டி.”

“அதத்தான் இன்னையோட விடணும்.”

வேறு யாராவது சொல்லியிருந்தால் அந்த மனிதர் மேசையைக் கவிழ்த்திருப்பார். இது தன் வாயாலேயே சொன்னது. சீட்டை வாங்கிக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனார். அதன்பிறகு கடைசிவரை கருப்பட்டி போடாத வரக்காப்பிதான் குடித்தார் என்று அவர் மனைவி சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

ஒருவர் நிறம் சொன்னால் அவருக்குப் போதாது. “ரெண்டாவது ஆளு யாரு? இங்கன வாங்க” என்று அடுத்து நிற்பவரையும் கூப்பிடுவார். இரண்டு பேர் சொல்வதும் ஒத்துப்போனால்தான் நோட்டில் ஏறும். இதனால் எங்கள் ஊரில் யாருக்குச் சர்க்கரை, யாருக்கு உப்பு என்பது ரகசியமாக இருக்க வழியே இல்லாமல் போயிற்று. அது தப்புதான். அவரிடம் சொன்னால், “நோய மறைச்சு வச்சு என்ன தாயி பண்ணப் போறீக?” என்பார்.

டப்பாவிலிருந்த நிறங்களுக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டி, பெண்கள் சொன்ன பெயர்களை எழுதி வைத்திருந்தார். மாம்பழ மஞ்சள், எலுமிச்சை, கிளிப்பச்சை, பாசிப்பச்சை, மயில்கழுத்து. சேலைக் கடையில் பத்து வருடம் நின்ற ஆள்கூட அவ்வளவு சுத்தமாக எழுதியிருக்க மாட்டார். அவர் உடுத்துவது மட்டும் எப்போதும் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. ஏதோ கட்சியில் இருக்கிறார் என்று பாதி ஊர் நம்பியது.

நோயாளியையே பார்க்கச் சொல்லும் அந்தப் பழக்கத்துக்கு ஆளாளுக்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள். நமக்கு அறிவு வரட்டும் என்று செய்கிறார், பெரிய மனசு என்றார்கள் சிலர். என் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், ஒரே போடாகப் போட்டார். “சம்பளம் அவருக்கு, வேல நமக்கா? சோம்பேறி.”

நான் இரண்டையும் நம்பினேன். ஆள் நல்லவர், கொஞ்சம் சோம்பேறி. அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. உலகத்தில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை.

கல்யாணமாகி வந்த வருடமே நான் உண்டானேன். வீட்டுக்காரர் வெளிநாட்டு வேலையில் இருந்தார். நானும் அத்தையும் மட்டும் வீட்டில். ஏழாம் மாதம் வளைகாப்புக்கு ஒரு வெள்ளிக்கிழமையைக் குறித்து எல்லாருக்கும் சொல்லியாயிற்று. வளையல் போட்ட கையோடு மாரியூரை ஒட்டிய பனங்காட்டு ஊருக்கு, என் தாய் வீட்டுக்கு, கூட்டிப்போவார்கள். ஏழு மாதமாக அந்த ஒரு நாளுக்காகத்தான் நான் நாள்காட்டியைக் கிழித்துக்கொண்டிருந்தேன். கால் வீங்கி, செருப்பின் வார் தோலில் பதிந்தது. காலையில் தலை வலித்தது. பிள்ளைத்தாச்சிக்கு இதெல்லாம் இருப்பதுதானே என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கும் அதைக் கேட்பதுதான் வசதியாக இருந்தது.

திங்கட்கிழமை பரிசோதனைக்குப் போனேன். சுகாதார நிலையம் வெறிச்சென்று கிடந்தது. டாக்டரம்மா ராமநாதபுரத்தில் கூட்டத்துக்குப் போயிருந்தார். நர்ஸ் தடுப்பூசி போடப் பக்கத்து ஊருக்குப் போயிருந்தார், பிரஷர் பார்க்கும் கருவியும் அவரோடு போய்விட்டது. லேப் ஜன்னலோரம் கலர் சார் மட்டும் உட்கார்ந்திருந்தார். வரிசையில் எனக்குப் பின்னால் ஆளே இல்லை.

அறுபது எண்ணினேன். ஐம்பதுக்கு முன்பே தெரிந்துவிட்டது. உப்புக் கட்டம் பச்சையாகிக்கொண்டிருந்தது. சந்தேகப்பட ஒன்றுமில்லை, நல்ல பச்சை.

“என்ன கலரு தாயி?”

போன மாதம்தான் எங்கள் தெருவில் ஒருத்தியை இதே பச்சைக்காகப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இன்னும் திரும்பவில்லை. எனக்கு வெள்ளிக்கிழமை கண்ணுக்குள் நின்றது. அம்மா நின்றாள்.

“பச்ச மஞ்ச, சார்” என்றேன்.

“பச்சையா, மஞ்சளா?”

“பச்ச மஞ்ச. பொங்கப் பானையில கட்டுவோமே.”

“கெழங்கு மஞ்சளா?”

“ஆமா. அதேதான்.”

அவர் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பொங்கலுக்குக் கொத்தோடு வாங்கும் பச்சை மஞ்சளை வெட்டினால் உள்ளே இருப்பது மஞ்சள் நிறம்தான். அது யாருக்குத் தெரியாது? சொல்லிலேயே பச்சை இருக்கிறது, ஆகவே முழுப் பொய் இல்லை என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டேன். வெட்கம் கெட்ட கணக்கு. “ரெண்டாவது ஆளு...” என்று வாசலை எட்டிப் பார்த்தார். நாய்கூட இல்லை. பேனாவை மூடி மேசையில் வைத்தார். “பாட்டில அங்கன வச்சுட்டுப் போங்க” என்றார்.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்தேன். வெயில் உச்சி தாண்டிச் சாயும்போது வாசலில் மொபெட் சத்தம் கேட்டது. கலர் சார் வேர்க்க விறுவிறுக்க நின்றார். வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கையில் ஒரு மஞ்சள் பை.

அவர் என்னிடம் பேசவில்லை. அத்தையிடம்தான் பேசினார்.

“அம்மா, நான் காலைல தப்பாப் பாத்துட்டேன். இந்தப் புள்ளைக்கு உப்பு இருக்கு. வண்டிக்குப் போன் பண்ணியாச்சு, இப்ப வந்துரும். உடனே கூட்டிட்டுப் போகணும்.”

“உப்புப் போட்டுத் திங்கிறவதான? உப்பு இருக்கத்தான செய்யும்” என்றார் அத்தை.

“அது வேற உப்பு அம்மா. இது ஏறுனா வலிப்பு வரும். தாயும் தங்காது, புள்ளையும் தங்காது.”

அத்தைக்கு முகம் மாறிவிட்டது. பயம் வந்தால் அவருக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். “காலைல நல்லாத்தான இருக்குன்னு அனுப்புனீரு? வெள்ளிக்கெழம வளகாப்பு வச்சிருக்கோம். ஊரெல்லாம் சொல்லியாச்சு. சம்பளம் வாங்குற மனுசன் கண்ணத் தொறந்து பாக்க வேணாமா?” இன்னும் என்னென்னவோ சொன்னார். சார் தலையைக் குனிந்துகொண்டு, “என் தப்புதான் அம்மா, என் தப்புதான்” என்றே நின்றார்.

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த கேவலமான காரியம் பொய் சொன்னது இல்லை, அந்த ஐந்து நிமிடம் சும்மா நின்றதுதான்.

அத்தை துணிமணி எடுக்க உள்ளே போனதும் அவர் பையிலிருந்து ஒரு கண்ணாடிக் குழாயை எடுத்தார். பாதிக்கு மேல் என் சிறுநீர். மேல் பாகம் கஞ்சித் தண்ணீராக வெளுத்திருந்தது. கீழே தெளிவாக இருந்தது.

“மேல மட்டும் ஸ்பிரிட் விளக்குல காட்டுனேன். உப்பு இருந்தா இப்பிடித் திரிஞ்சு போகும். ஆசிட்டு ரெண்டு சொட்டு விட்டும் கரையல. பழைய முறைதான். இதுக்குக் கலரு வேணாம் தாயி.”

“சார், நான்...”

“மஞ்சன்னு சொன்ன கர்ப்பிணிப் புள்ளைக பாட்டில எல்லாத்தையும் மதியத்துக்கு மேல இப்பிடி ஒரு தடவ பாத்துருவேன். எனக்குப் பச்சையும் மஞ்சளும் ஒண்ணாத்தான் தெரியும். செவப்பும் அப்பிடித்தான். பொறந்ததுலேருந்தே. இத்தன வருசம் உங்க கண்ணுலதான் நான் வேல பாத்தேன்.”

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பெரியாஸ்பத்திரியில் பிரஷர் பார்த்த நர்ஸ் இரண்டாம் முறை பார்த்தார், பிறகு ஓடினார். ஐந்து வாரம் அங்கேயே கட்டில். அந்த வெள்ளிக்கிழமை என் அம்மா பஸ் ஏறி வந்து, கட்டிலிலேயே எனக்கு வளையல் போட்டாள். ஒரு கை நிறைய வளையல், இன்னொரு கையில் ஊசி. பக்கத்துக் கட்டில்காரிகள் குலவை போட்டார்கள். நர்ஸ் வந்து அதட்டிவிட்டு, அவரும் ஒரு வளையல் போட்டுவிட்டுப் போனார். குறை மாதத்தில் என் மகள் பிறந்தாள். உள்ளங்கைக்குக் கொஞ்சம் பெரியவள். ஆனால் அழுத அழுகையில் வார்டே விழித்துக்கொண்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கலர் சார் பார்க்க வந்தார். அன்றுதான் தன் கதையைக் கொஞ்சம் சொன்னார். திருப்பாலைக்குடியில் கடலுக்குப் போகிற குடும்பம். ஆளாளுக்கு ஒரு நிறத்தில் வலை மிதவையில் கொடி கட்டியிருப்பார்களாம். இவர் முதல் தடவை தனியாகப் போனபோது பச்சைக் கொடிக்குப் பதிலாக அடுத்தவருடைய சிவப்புக் கொடி வலையை மீனோடு இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். கரையில் அடிதடி. “எங்க அய்யா, ‘ஏலே, ஒனக்குக் கடல் ஒத்து வராது, போய்ப் படி’ன்னு வெரட்டிட்டாரு. படிச்சேன். படிச்ச எடத்துல ஒருத்தனும் என் கண்ணச் சோதிக்கல. வேலைக்குச் சேந்த மொத நாள் இந்த டப்பாவத் தொறக்குறேன், பூராம் கலரு. நான் எங்கன தாயி போவேன்?”

சொல்லிவிட்டுச் சத்தமாகச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. “அத்தைட்ட உண்மையச் சொல்லிர்றேன் சார்” என்றேன்.

“நீங்க சொல்ல வேணாம். நான் டாக்டரம்மாட்ட என் உண்மையச் சொல்லிட்டேன். நீங்க வண்டி ஏறுன மறுநா காலைல.”

வேலை போய்விடும் என்று இருபது வருடமாக மறைத்து வைத்திருந்ததை, ஒரே காலையில் போய்ச் சொல்லியிருக்கிறார். டாக்டரம்மா பொரிந்து தள்ளிவிட்டு, பிறகு ஒரு ஏற்பாடு செய்தாராம். நிறம் பார்க்கிற எதிலும் நர்ஸும் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். கர்ப்பிணிகளுக்குச் சூடாக்கிப் பார்க்கும் அந்தப் பழைய முறையும் தொடர வேண்டும். இது ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை, நோயாளியைக் கேட்பதையும் விட வேண்டாம்.

அவர் அத்தனை வருடம் மறைத்தது சரியா என்று எனக்குள் இன்றும் வாதம் உண்டு. சரியில்லை என்றுதான் முடியும். ஆனால் கண் நன்றாகத் தெரிகிற எத்தனை பேர் தாங்கள் பார்த்ததை மதியத்துக்கு மேல் இன்னொரு தடவை சந்தேகப்பட்டுப் பார்க்கிறார்கள்? அவர் அன்று அப்படிப் பார்க்காமல் விட்டிருந்தால், இதை எழுத ஆள் இருந்திருக்காது.

இப்போது நானும் அந்தப் பட்டை டப்பாவைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போகிறேன். கிராம சுகாதாரத் தன்னார்வலர் என்று அடையாள அட்டை கொடுத்திருக்கிறார்கள். இந்த வருடம் ஒரு சின்னக் கருவி வந்திருக்கிறது. பட்டையை உள்ளே வைத்தால் நிறத்தை அதுவே படித்து எழுத்தில் காட்டிவிடும். கண்ணும் வேண்டாம், ஜன்னல் வெளிச்சமும் வேண்டாம். பணி ஓய்வு பெற்றுத் திருப்பாலைக்குடியில் இருக்கும் சாருக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

“நெசமாவா? கலரு பாக்காமலா?” என்றார். பிறகு, “நான் முப்பது வருசம் முன்னால பொறந்துட்டேன் தாயி” என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார். அடுத்து, “இருந்தாலும் அவுகளையும் ஒருதரம் கேட்டுக்கங்க” என்றார். கேட்கிறேன். கருவி சொன்ன பிறகும், “என்ன கலரு தெரியுது?” என்று கேட்கிறேன். அவர்கள் சொல்லும்போது பட்டையை விட்டுவிட்டு முகத்தைப் பார்க்கிறேன்.

அவரை நினைத்தால் எனக்கு லேப் ஜன்னல் ஞாபகம் வருவதில்லை. என் மகளின் காதுகுத்துதான் வருகிறது.

ஒரு வயது முடிந்து குலதெய்வக் கோயிலில் வைத்திருந்தோம். நல்ல கூட்டம். கலர் சார் அதே வெள்ளை வேட்டி சட்டையில் வந்தார். அத்தை அவரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தப்பாகப் பார்த்த மனுசன் என்ற கோபம் அவருக்கு அப்போதும் போகவில்லை. சார் நேராக என்னிடம் வந்து, பையைப் பிரித்து ஒரு கவுனை எடுத்து விரித்துக் காட்டினார்.

“மங்களமா இருக்கட்டும்னு மஞ்ச கவுன் கேட்டு வாங்குனேன். என்ன கலரு தாயி?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கலர் சார் இங்கேயும் ஆரம்பித்துவிட்டார் என்று அவர்களுக்கு வேடிக்கை. அவர் விளையாடவில்லை என்று அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். நெற்றியில் வேர்வையோடு கவுனை உயர்த்திப் பிடித்தபடி அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கவுன் பச்சை. கிளிப்பச்சை. கடைக்காரர் இருந்ததைத் தள்ளிவிட்டிருக்கிறார். மஞ்சள் என்று சொன்னால் மனிதர் நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டுப் போவார். அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

“பச்ச, சார்” என்றேன்.

“பச்ச மஞ்சளா?”

“இல்ல சார். வெறும் பச்ச. கிளிப்பச்ச. மஞ்ச ஒரு பொட்டுக்கூட இல்ல.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. கூட்டத்தைப் பார்த்து, அத்தையைப் பார்த்து, சத்தமாகவே சொன்னேன். “அன்னைக்கும் பச்சதான் சார். பாத்துக்கிட்டேதான் மஞ்சன்னு சொன்னேன். தப்புப் பாத்தது நீங்க இல்ல. பொய் சொன்னது நான்.”

அத்தை என்னைப் பார்த்தார், சாரைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். சார் மட்டும் கவுனை இறக்கவேயில்லை. அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

“சரி. ரெண்டாவது ஆளு யாரு?” என்றார்.

அத்தை எழுந்து வந்தார். கவுனின் ஓரத்தை விரலால் பிடித்து, வெயிலுக்குக் காட்டி, நிதானமாகப் பார்த்தார்.

“பச்சதான்யா” என்றார். “எம் பேத்திக்கு எடுப்பா இருக்கும். குடும், போட்டு விடுறேன்.”

அந்தப் பச்சைக் கவுனைப் போட்டுக்கொண்டு, கலர் சார் மடியில் உட்கார்ந்துதான் என் மகள் காது குத்திக்கொண்டாள்.